துருத்தி ஊதியதற்கும் அபராதம்!

சைக்கிள் என்றால் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் புதிதல்ல. பால் வாளியை மாட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாகத் தீம்பாருக்குப் போனதும் சைக்கிளில்தான். சம்பளத்தன்று பட்டணத்துக்குப் போய்ச் சாமான் ஏற்றி வந்ததும் சைக்கிளில்தான். வழியில் செயின் கழன்றால் நாமே மாட்டிக்கொள்வோம். நம்மால் முடியாவிட்டால் எதிரே வருகிறவர் இறங்கி ஒரு கை கொடுப்பார். அப்படி ஒரு கை கொடுப்பது குற்றமென்று உலகத்தில் யாராவது சொல்வார்களா? சொன்னார்கள், தோழர்களே! சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட ஓர் இரும்புத் தொழிலாளியின் வாழ்க்கையை இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

அவர் பெயர் யூஜின் கிறிஸ்டோப். பிரெஞ்சுக்காரர். 1885-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், பாரிஸ் பட்டணத்தை ஒட்டிய மலாகோப் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பூட்டுத் தொழில் பழகப் போய்விட்டார். பூட்டு, சாவி, அரம், சுத்தியல் இவற்றோடுதான் அவருடைய இளமை கழிந்தது. இரும்பைக் காய்ச்சவும், தட்டவும், வளைக்கவும், பொருத்தவும் அந்தக் கைகள் படித்துக்கொண்டன. வாசகர்கள் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்தப் படிப்புக்கு ஒரு வேலை வரப்போகிறது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஏழை வீட்டுப் பிள்ளை நாலு காசு பார்ப்பதற்கு ஒரு வழி இருந்தது. அது சைக்கிள் பந்தயம். கொத்து வேலைக்காரர், சுரங்கத் தொழிலாளி, கூலி விவசாயி என்று உழைத்துக் காய்ப்பேறிய ஆட்கள்தாம் பெரும்பாலும் அதில் இறங்கினார்கள். பந்தயங்களில் எல்லாம் பெரியது 'தூர் டி பிரான்ஸ்' என்பது. பிரான்சு நாட்டையே சுற்றி வருவது என்று அதற்குப் பொருள். ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. இன்று இந்த ஊரிலிருந்து அந்த ஊர், அடுத்து அங்கிருந்து இன்னோர் ஊர் என்று கட்டம் கட்டமாகப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆன நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து, யாருக்கு நேரம் குறைவோ அவருக்கு வெற்றி. நம் நாட்டில் 1996-இல் லங்காவியின் பெயரால் ஒரு பந்தயம் தொடங்கினார்களே, அதுவும் இந்த வகைதான்.

இந்தப் பிரெஞ்சுப் பந்தயம் பிறந்த கதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. விளையாட்டை வளர்க்க வேண்டுமென்று யாரோ புண்ணியவான் தொடங்கியதல்ல. 'லோத்தோ' என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகை. அதன் ஆசிரியர் ஆன்றி டெகிராஞ்ச். போட்டிப் பத்திரிகையை மடக்கித் தம் பத்திரிகையை விற்க வேண்டும். அதற்காக 1903-இல் தொடங்கியதுதான் இது. அந்த முதல் பந்தயத்தில் ஜெயித்த மொரீஸ் காரேன் சின்ன வயதில் புகைக்கூண்டு துடைத்தவர். தொழிலாளி மிதிக்க மிதிக்கப் பத்திரிகை விற்றது.

டிக்கெட் கிடையாது, மைதானம் கிடையாது. பந்தயம் ஜனங்களுடைய வீட்டு வாசல் வழியாகவே போனது. உழுதுகொண்டிருந்தவர் ஏரை நிறுத்திவிட்டு வந்து நின்றார். தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றார்கள். தூசி படிந்த முகத்தோடு போகிறவன் தங்களைப் போன்ற உழைப்பாளி என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தப் பந்தயத்துக்கு அப்படி ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. கிறிஸ்டோப்பை அந்த ஜனங்கள் செல்லமாக 'கிரிகிரி' என்று கூப்பிட்டார்கள்.

பந்தயத்துக்கு விதிகள் வகுத்தவர் டெகிராஞ்ச்தான். கண்டிப்பான மனிதர். வண்டியில் எது உடைந்தாலும் ஓட்டுகிறவரே பழுது பார்க்க வேண்டும். வேறு கை படக்கூடாது. படுகிறதா என்று பார்க்க ஆள் போட்டிருந்தார். ஒற்றை ஆளாக ரோட்டோடு போராடுகிறவனே வீரன் என்பது அவர் கொள்கை. கொள்கை வகுத்தவர் சைக்கிளில் போகவில்லை, மோட்டார் காரில் போனார்.

கிறிஸ்டோப் லேசுப்பட்ட ஆளில்லை. 1910 ஏப்ரலில் இத்தாலியில் மிலான் நகரிலிருந்து சான் ரெமோ வரை ஒரு பந்தயம் நடந்தது. ஏறத்தாழ 290 கிலோமீட்டர். அன்று மலைமேல் பனி கொட்டியது. கை கால் மரத்துப்போய் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கிறிஸ்டோப்பும் குளிரில் விறைத்து ஒரு விடுதிக்குள் ஒதுங்கினார். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு, மாற்றுக் கால்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறி மிதித்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முதலாவதாக வந்தார். அன்று கணக்கில் சேர்ந்தவர்கள் 4 பேர்தான். அதன் பிறகு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பழைய பலம் திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று.

பலம் திரும்பியதும் 1912-இல் பிரெஞ்சுப் பந்தயத்தில் தொடர்ந்து 3 கட்டங்களை ஜெயித்தார். அதில் ஒரு நாள் கலிபியே மலையைத் தாண்டி 315 கிலோமீட்டர் தூரம் தனியாளாகவே ஓட்டி வந்தார். ஆனால் அந்த வருடம் நேரத்தைக் கூட்டாமல், ஒவ்வொரு நாளும் எத்தனையாவது ஆளாக வந்தார் என்று புள்ளி போட்டார்கள். அந்தக் கணக்கில் அவருக்கு இரண்டாம் இடம். அடுத்த வருடம் கணக்கு மீண்டும் நேரத்துக்கு மாறியது. இது நம்முடைய வருடம் என்று அவர் நினைத்திருந்தால் தப்பில்லை.

1913 ஜூலை மாதம். பயோன் நகரிலிருந்து லுஷோன் வரை ஒரு கட்டம். 326 கிலோமீட்டர், அதாவது கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடையதைப் போல நல்ல ரோடும் இல்லை, கல்லும் மண்ணும்தான். போதாததற்கு வழியில் பிரனே மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. அதில் தூர்மாலே என்ற கணவாய் 2,115 மீட்டர் உயரம். நம் கெந்திங் மலை உச்சியைவிட உயரம். அன்றைய சைக்கிளில் இப்போது போல் கியர் மாற்றுகிற வசதி கிடையாது. இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டுத்தான் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பல்சக்கரம் மாற்ற வேண்டும்.

காலையில் கிளம்பியபோது கிறிஸ்டோப் மொத்தக் கணக்கில் இரண்டாம் இடத்தில் இருந்தார். முதலிடத்தில் இருந்தவர் அன்று முடியாமல் விலகிவிட்டார். தூர்மாலே உச்சியை முதலில் கடந்தவர் பெல்ஜியக்காரர் பிலிப் தீஸ். சில நிமிடங்கள் பின்னால் கிறிஸ்டோப். உச்சியில் சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இறக்கத்தில் விட்டார் வண்டியை. நாடே சுற்றி வரும் பந்தயத்தின் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இறக்கத்தில் பாதி வழியில் வண்டி அவர் பேச்சைக் கேட்கவில்லை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, கடைக்காரர்கள் 'போர்க்' என்பார்களே, அது முறிந்துவிட்டது. பஞ்சர் என்றால் ஒட்டலாம், செயின் என்றால் மாட்டலாம். போர்க் முறிந்தால் வண்டி வெறும் இரும்புதான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மலையிறங்கி நடந்தார். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடை. வழியெல்லாம் கண்ணீர் விட்டுக்கொண்டே நடந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அடிவாரத்தில் செயிண்ட் மரி டி காம்பான் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு சிறுமியைக் கண்டு, கொல்லர் பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். அந்தப் பெண் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பட்டறைக்காரர் நல்ல மனிதர், உடனே செய்து கொடுக்க முன்வந்தார். ஆனால் கூடவே பந்தய அதிகாரி வந்து நின்றுவிட்டார். கொல்லர் கை வைக்கக்கூடாது! வேண்டுமானால் எப்படிச் செய்வதென்று வாயால் சொல்லலாம். போட்டிக் கம்பெனிகளின் ஆட்களும் கண்கொத்திப் பாம்பாகச் சுற்றி நின்றார்கள்.

இப்போதுதான் பூட்டுப் பட்டறைப் படிப்பு வேலைக்கு வந்தது. கிறிஸ்டோப் உலையில் இரும்பைப் போட்டார். தட்டினார், வளைத்தார், துளைத்தார், பொருத்தினார். அதிகாலை 3 மணிக்குக் கிளம்பி, இரண்டு பெரிய மலை ஏறி, வண்டியைச் சுமந்து நடந்து வந்த உடம்பு அது. நின்றிருந்தவர்களுக்குப் பசி வந்ததாம். ஏதாவது சாப்பிட்டு வருகிறோம் என்று கேட்டார்களாம். நான் இங்கே கைதி, நீங்கள் காவலாளி, பசித்தால் கரியைத் தின்னுங்கள் என்ற பொருளில் அவர் பதில் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

ஒரு கையால் இரும்பைப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் சுத்தியல் பிடிக்க வேண்டும். உலைத் துருத்தியை எந்தக் கையால் ஊதுவது? அங்கே நின்ற ஒரு சின்னப் பையன் துருத்தியை இழுத்து ஊதிக் கொடுத்தான். மூன்று மணி நேரம் போல் ஆகி, வேலை முடிந்தது. கிறிஸ்டோப் பையில் ரொட்டியைத் திணித்துக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகும் இரண்டு மலை பாக்கி இருந்தது. இரண்டையும் ஏறி இறங்கி லுஷோன் போய்ச் சேர்ந்தார். முதலில் வந்தவருக்கும் அவருக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேர வித்தியாசம்.

அவ்வளவு பாடுபட்டு வந்த மனிதருக்கு அங்கே என்ன காத்திருந்தது தெரியுமா? அபராதம்! பையன் துருத்தி ஊதியது வெளியார் உதவியாம். 10 நிமிடம் தண்டனை போட்டார்கள். பிறகு மனமிரங்கி 3 நிமிடமாகக் குறைத்தார்கள். நாலு மணி நேரம் போனவருக்கு மூன்று நிமிடம் ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் இருக்கிற அநியாயத்தை எந்தக் கடிகாரத்தால் அளப்பது?

தொழிற்சங்கத்துக்காரர் கண்ணால் நாம் இதைக் கொஞ்சம் பார்ப்போம். அவர் ஓட்டியது பெஜோ கம்பெனி அணிக்காக. முறிந்தது கம்பெனி இரும்பு. மலையில் வண்டியை விடச் சொன்னது பந்தயம் நடத்திய பத்திரிகை. ஜெயித்திருந்தால் கம்பெனிக்குச் சைக்கிள் விற்கும், பத்திரிகைக்கு ஏடு விற்கும். தோற்றபோது மட்டும் நட்டம் முழுவதும் மிதித்தவன் தலையில். ஏணி உடைந்து விழுந்தவனிடம், நீ ஏன் பார்த்து ஏறவில்லை என்று கேட்கிற நியாயம் இதுதானே! அந்த வருடம் வெற்றி தீஸுக்குப் போனது. கிறிஸ்டோப்புக்கு 7-ஆம் இடம்.

1914 ஜூன் 28-இல் அடுத்த பந்தயம் தொடங்கியது. அன்றைக்கே சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். அந்த நெருப்பில் ஐரோப்பா நான்கு வருடம் எரிந்தது. முன்பு இந்தப் பந்தயத்தை ஜெயித்த பாபேர், பெத்தி பிரெத்தோன், லாபீஸ் மூவரையும் போர் கொண்டுபோயிற்று. கிறிஸ்டோப் உயிரோடு திரும்பினார். வயது 34 ஆகிவிட்டது.

1919-இல் மீண்டும் பந்தயம். ரோடுகள் குண்டு விழுந்து குழியாகிக் கிடந்தன. இரும்புக்கும் டயருக்கும் பஞ்சம். அதனால் சைக்கிள் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து, ஓட்டக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டை கொடுத்தார்கள். யார் முன்னணியில் போகிறார் என்று ரோட்டோர ஜனங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்காக முதலிடத்தில் இருப்பவருக்கு ஒரு மஞ்சள் சட்டை கொடுப்பது என்று முடிவாயிற்று. 'லோத்தோ' பத்திரிகை அச்சானதும் மஞ்சள் தாளில்தான். ஜூலை 19-ஆம் நாள் கிரெனோபிள் நகரில் அந்தச் சட்டையை முதன்முதலில் போட்டுக்கொண்டவர் நம் கிறிஸ்டோப். இன்று உலகமே அறிந்த மஞ்சள் சட்டை அவர் உடம்பில்தான் முதலில் ஏறியது. கனேரிப் பட்சி போகிறது பார் என்று ரோட்டோரத்தில் கிண்டல் செய்தார்களாம்.

மொத்தம் 15 கட்டம். 13 முடிந்தபோது அவர் பெல்ஜியத்துப் பிர்மின் லம்போவைவிட 28 நிமிடம் முன்னால் இருந்தார். பாக்கி இரண்டே கட்டம். 14-ஆவது கட்டம் மெட்ஸ் நகரிலிருந்து டன்கர்க் வரை 468 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து தாய்லாந்து எல்லை வரை என்று சொல்லலாம். போரில் நொறுங்கிப்போன வட்டாரம் அது. வலன்சியேன் நகருக்குப் பக்கத்தில் ரேம் என்ற இடத்தில், ரோட்டுக் கல்லில் அடிபட்டு மறுபடியும் போர்க் முறிந்தது!

என்னத்தைச் சொல்ல? ஆறு வருடத்துக்குப் பிறகு அதே இடி, அதே தலையில். இந்த முறை பட்டறை பக்கத்திலேயே கிடைத்தது. மறுபடியும் தம் கையாலேயே செய்தார், ஏனென்றால் விதி மாறவில்லை. பழுது பார்க்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்றைய கட்டத்தில் இழந்தது இரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். மஞ்சள் சட்டை லம்போவிடம் போனது. கடைசிக் கட்டத்தில் பஞ்சருக்கு மேல் பஞ்சர். அறுபதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்ட பந்தயத்தில் முடிவுப் பட்டியலில் நின்றவர்கள் 10 பேர்தான். அதில் கிறிஸ்டோப் மூன்றாவது.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் வருகிறார்கள், தோழர்களே. கிரிகிரிக்கு நேர்ந்ததை ஜனங்களால் தாங்க முடியவில்லை. ஜெயித்தவருக்குக் கொடுக்கிற பரிசுத் தொகையையே இவருக்கும் கொடுத்தார்கள். அதோடு பத்திரிகை மூலம் நிதி திரண்டது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத காலம். வீடு இடிந்தவர்களும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் நிறைந்த நாடு. அந்த நாட்டிலிருந்து சில்லறையாகவும் நோட்டாகவும் காசு வந்து சேர்ந்தது. ஜெயித்த லம்போவுக்குக் கிடைத்தது 5,000 பிராங்கு. தோற்ற கிறிஸ்டோப்புக்கு எல்லாம் சேர்ந்து 13,310 பிராங்கு. மணிக்கணக்கு அவரை மூன்றாவது ஆக்கியது. ஜனங்கள் கணக்கில் அவர்தான் முதல்.

இது நமக்குப் புரியாத சங்கதியா? லயத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் துண்டை விரித்துக் காசு சேர்ப்பார்களே, மரம் விழுந்து கால் ஒடிந்தவன் வீட்டுக்கு அரிசி போய்ச் சேருமே, அதே மனசுதான். கொடுத்தவர்கள் அவரை நேரில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ரோட்டில் ஒரு கணம் தூசியோடு தூசியாகப் பறந்து போனவர்தான் அவர். ஆனாலும் கொடுத்தார்கள்.

கிறிஸ்டோப் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1920-இல் போர்தோவிலிருந்து பாரிஸ் வரை ஒரு பந்தயம், பாரிஸிலிருந்து தூர் நகர் வரை ஒரு பந்தயம், இரண்டையும் ஜெயித்தார். 1922-இல், 37 வயதில், மறுபடியும் மஞ்சள் சட்டை போட்டார். அந்த வயதில் அதைப் போட்டவர் அவர் ஒருவரே என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த வருடமும் கலிபியே மலை இறக்கத்தில் போர்க் முறிந்தது. மூன்றாவது தடவை! அப்போதும் விட்டுவிட்டுப் போகாமல் 8-ஆவதாக முடித்தார். கடைசியாக 1925-இல், 40 வயதில் ஓட்டி, 18-ஆவதாக வந்தார். 11 முறை இந்தப் பந்தயத்தில் இறங்கினார், 8 முறை முழுதாக முடித்தார், ஒரு முறையும் ஜெயிக்கவில்லை.

அவர் ஓய்ந்த பிறகும் அவர் பெயர் ஓயவில்லை. கால் நழுவாமல் பெடலோடு பிடித்து வைக்க ஒரு கவ்வியும் தோல் வாரும் உண்டு. அது பல பத்தாண்டுகள் அவர் பெயரைத் தாங்கியே விற்றது. அந்தக் கிராமத்துப் பட்டறைச் சுவரில் ஒரு கல்வெட்டுப் பதித்தார்கள். பிற்காலத்தில், போர்க்கைக் கையில் பிடித்து நிற்கிற மாதிரி அவருக்கு அங்கே சிலையும் வைத்தார்கள். தூர்மாலே ஏறப்போகிற சைக்கிள்காரர்கள் இன்றும் அங்கே இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். 1970 பிப்ரவரி 1-ஆம் நாள், 85 வயதில், பாரிஸில் அவர் உயிர் பிரிந்தது.

கிறிஸ்டோப்பை நாம் ஏன் நினைக்க வேண்டும்? விதிக்கு அடங்கி நடந்தார் என்பதற்காக அல்ல. அந்த விதியைப் புகழ நமக்கு வாய் வராது. கைத்தொழிலைக் கைவிடாதவர் என்பதற்காக நினைக்கிறோம். எல்லாரும் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்ற இடத்தில், படித்த தொழிலை நம்பி உலையை மூட்டினாரே, அதற்காக நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியதும் அதுதான். எந்தத் தொழிலானாலும் கையில் ஒன்று இருக்கட்டும். என்றைக்கு எந்த மலையில் அது கை கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. ரசிகர்கள் 13,310 பிராங்கு வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். விதியை ஓர் எழுத்துக்கூட அவர்களால் மாற்ற முடியவில்லை. அன்பு காயத்துக்குக் கட்டுப் போடும், அடுத்த காயம் வராமல் தடுக்காது. அதற்கு ஓட்டுகிறவர்களே வாய் திறக்க வேண்டியிருந்தது. 1924-இல் ஆன்றி பெலிசியே என்பவர் அதைச் செய்தார். முந்திய வருடம் ஜெயித்தவர் அவர். காலைக் குளிருக்கு ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றிப் போடுவது அவர் வழக்கம். கிளம்பும்போது இருந்த சாமான் எல்லாம் முடிவிலும் இருக்க வேண்டுமென்பது விதி. எத்தனை சட்டை போட்டிருக்கிறார் என்று அதிகாரி எண்ணிப் பார்த்ததில் தகராறு. தம்பி பிரான்சிஸ், மொரீஸ் வீல் என்ற இன்னொருவர், இவர்களோடு கூதான்ஸ் என்ற ஊரில் பந்தயத்தை விட்டே இறங்கிவிட்டார். ஆல்பெர் லோந்திரே என்ற நிருபர் அவர்கள் படும் பாட்டை ஊரறிய எழுதினார். ரோட்டில் நடப்பது என்னவென்று ஜனங்களுக்கு அன்றைக்கு விளங்கியது.

அதன் பிறகு மெல்ல மெல்ல விதிகள் தளர்ந்தன. இன்று போர்க் முறிந்தால் பின்னால் வருகிற காரிலிருந்து வேறு சைக்கிளே இறக்கிக் கொடுக்கிறார்கள். நிமிடக் கணக்கில்கூட இல்லை, நொடிக் கணக்கில் வேலை முடிகிறது. தொழில்முறை சைக்கிள் ஓட்டக்காரர்களுக்கென்று உலக அளவில் ஒரு சங்கமும் 1999-இல் அமைந்தது. கிறிஸ்டோப் பட்டறையில் தனியாக நின்று 86 வருடம் கழித்து!

அந்தச் சின்னப் பையனைத்தான் நாம் கடைசியாக நினைத்துக்கொள்கிறோம். அவனுக்குப் பந்தயமும் தெரியாது, விதியும் தெரியாது. ஒருவர் இரண்டு கையிலும் வேலையோடு தவிக்கிறார், நெருப்பு அணையப் பார்க்கிறது. போய்த் துருத்தியைப் பிடித்தான். அவ்வளவுதான். சங்கம் என்பதும் அவ்வளவுதான், தோழர்களே. பக்கத்து ஆளின் உலை அணையும்போது நம் கை துருத்தியில் இருக்க வேண்டும். அதற்கு அபராதம் போடுகிற விதி எங்கே இருந்தாலும், அதைத் திருத்துகிற கூட்டத்தில் நம் பெயரும் இருக்க வேண்டும்.